ரேடியோ கூலி

அன்று காலை ஆறே முக்காலுக்கு அங்கே இருந்தவர்கள்: நான். என் மனைவி சுலோச்சனா. மேஸ்திரி இஸ்மாயில் பாய். அவருடைய கொத்தனார்கள் இரண்டு பேர். கலவை மெஷின் ஓட்டுகிறவர் ஒருவர். கான்கிரீட் ஆட்களுக்குத் தலைவியான ராமாத்தா. அவரோடு வந்த எட்டுப் பெண்கள், ஐந்து ஆண்கள். ஆக, இருபது பேர்.

ஜல்லிக் குவியலின் மேல் என் டிரான்சிஸ்டர் ரேடியோ. அதையும் சேர்த்தால் இருபத்தொன்று. அன்றைக்கு முடிவு சொன்னது அதுதான்.

ஆறு ஐம்பத்தைந்துக்கு அது பேசியது. கோவை மாவட்டத்தில் வானம் பொதுவாக மேகமூட்டத்துடன் காணப்படும்... ஓரிரு இடங்களில் லேசான மழை பெய்யக்கூடும்...

நான் நிமிர்ந்து பார்த்தேன். மேற்கே மருதமலை கழுவி வைத்த மாதிரி இருந்தது. ஐப்பசி மாதத்துக் கோயமுத்தூர்க் காலையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா என்ன? வெயில் இருக்கும், உறைக்காது. காற்று இருக்கும், நடுக்காது. ஃபேனும் வேண்டாம், போர்வையும் வேண்டாம். அப்படி ஒரு காலை.

பத்தொன்பது பேரும் வானத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"இன்னிக்கு வேண்டாம் பாய்" என்றேன்.

ஒரே வாரத்தில் இது மூன்றாவது தடவை.

விஷயம் இதுதான். வடவள்ளியைத் தாண்டி இரண்டரை சென்ட் நிலத்தில் ஒரு வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன். சுவர் எழும்பிவிட்டது. மேலே கூரைக்குத் தார்சு போட வேண்டும். பலகை அடித்து, முட்டுக் கொடுத்து, கம்பி கட்டி எல்லாம் தயார். கான்கிரீட்டைக் கொட்ட வேண்டியது மட்டும்தான் பாக்கி. ஒரே நாள் வேலை. ஆனால் அந்த ஒரு நாள் மழை வரக் கூடாது. பச்சைக் கான்கிரீட்டில் பெருமழை அடித்தால் சிமெண்ட் பால் ஓடிவிடும், ஜல்லி பல்லைக் காட்டும். எங்கள் பழைய தெருவில் ஒருவருக்கு அப்படி ஆகி, பத்து வருஷமாக ஹாலில் வாளி வைத்துக்கொண்டு வாழ்கிறார். அந்த வாளியை நான் பார்த்திருக்கிறேன். அதுதான் என் கஷ்டம்... பார்த்த எதையும் மறக்க முடியாதது.

பத்திரிகையில் இந்தப் பத்தியை விடாமல் படிக்கிறவர்களுக்கு என் பயங்கள் பழக்கம்தான். பூட்டிய பூட்டை இழுத்துப் பார்க்க பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வருகிற ஆள் நான்.

இந்த வானிலை விஷயத்தில் மட்டும் நான் பயப்படக் கூடாது. ஏன் தெரியுமா? எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு நான் முதலில் போன வேலை, ஒரு சின்ன தினசரியில் அச்செழுத்துக் கோப்பது. பக்கம் அச்சாகி முடிந்ததும் எழுத்துகளைக் கலைத்து அந்தந்தக் கட்டத்தில் போட வேண்டும். கலைக்காமல் வைத்திருப்பது ஒன்றே ஒன்றைத்தான். வானிலைப் பெட்டியை. 'வானம் ஓரளவு மேகமூட்டத்துடன் காணப்படும், ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்' என்கிற வரி, கயிறு கட்டி ஓர் ஓரத்தில் மாதக்கணக்கில் நிற்கும். தினமும் தேதியையும் வெயில் அளவையும் மட்டும் மாற்றி உள்ளே தள்ளுவோம். ஒருமுறை அந்த அளவையும் மாற்ற மறந்து நான்கு நாள் ஓடியது. ஒரு வாசகர்கூடக் கடிதம் போடவில்லை.

அந்தப் பெட்டியைத் தன் கையாலேயே தூக்கி வைத்தவன், இருபத்தைந்து வருஷம் கழித்து அதே வரியைக் கேட்டுவிட்டு இருபது பேர் வேலையை நிறுத்துகிறான் என்றால்... என்னவென்று சொல்வது?

எனக்குத் தோன்றுவது இது. பாதியில் படிப்பை விட்டவனுக்கு அச்சில் வந்தது, ரேடியோவில் வந்தது எல்லாமே வாத்தியார் சொன்ன மாதிரி. தப்பாக இருந்தாலும் எதிர்த்துக் கேட்க நாக்கு வராது. வானத்தைப் பார்க்கக் கண் போதும். ஆனால் அதை நம்புவதற்கு ஒரு தைரியம் வேண்டும். அது என்னிடம் இல்லை.

வானிலை சொல்கிறவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் பொய் சொல்வதே இல்லை. ஓரிரு இடம் என்றார்கள், எந்த இடம் என்றா சொன்னார்கள்?

இஸ்மாயில் பாய் அதைத்தான் சொன்னார். உக்கடத்துக்காரர். அப்பா காலத்திலிருந்து கட்டட வேலை. கோபம் வந்தால் குரல் இன்னும் தணிந்துவிடும்.

"சார், ஓரிரு இடம்னா ஜில்லா பூராவுலயும் ரெண்டு இடமுங்க. அதுல ஒண்ணு உங்க வீடுன்னு யாரு சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. ஆனால் எனக்குத் தெரியும். அந்த ரெண்டில் ஒன்று எப்போதும் என் வீடுதான்.

முதல் தடவை நிறுத்தியபோது நிஜமாகவே கருமேகம் இருந்தது. மழை வரவில்லை என்றாலும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது தடவை நல்ல வெயில். அன்று சாயங்காலம் கோபிசெட்டிபாளையத்திலிருந்து மச்சான் போன் செய்தார். அங்கே அடித்து ஊற்றியதாம், வாழைத் தோட்டத்தில் கணுக்கால் தண்ணீராம். பார்த்தாயா, ரேடியோ சொன்னது பலித்துவிட்டது என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன்.

"கோபியில பேஞ்ச மழைக்கு வடவள்ளியில வேலைய நிறுத்துன ஒரே ஆளு நீங்கதானுங்க" என்றாள்.

இப்போது மூன்றாவது தடவைக்கு வருவோம். வேண்டாம் என்று நான் சொன்னதும், ராமாத்தா தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து உதறினார். மற்றவர்களும் உதறினார்கள். சட்டிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிவிட்டு வரிசையாக வந்து நின்றார்கள். பாய் ஆளுக்குப் பஸ் காசு கொடுத்தார். நான் என் பங்குக்கு டீச் செலவுக்கு இருபது ரூபாய் கொடுத்தேன். தாராளமாக நடந்துகொண்டதாக எனக்குள் ஒரு நினைப்பு வேறு.

கான்கிரீட் ஆட்களிடம் ஒரு கணக்கு உண்டு. முதல் சட்டி மேலே விழுந்துவிட்டால் அப்புறம் மழையே வந்து வேலை நின்றாலும் முழுக் கூலி. முதல் சட்டி விழாவிட்டால் பஸ் காசு மட்டும். அந்த முதல் சட்டியை வீட்டுக்காரர்தான் கொட்ட வேண்டும். கற்பூரம் காட்டி, சட்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, வீட்டுக்காரர் கையில் கொடுப்பார்கள். மங்கலமான வழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். பதினான்கு பேருடைய அன்றைய கூலி அந்தச் சட்டிக்குள் இருக்கிறது என்பது எனக்கு உறைக்கவில்லை.

உறைத்தது, பத்து மணிக்கு.

சிமெண்ட் கடைக்குப் போன் செய்ய மெயின் ரோட்டு எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன். பக்கத்தில் டீக்கடை. எதிரே பஸ் ஸ்டாப். அங்கே புளியமரத்து நிழலில் அந்தப் பதினான்கு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். காலை ஏழு மணிக்கு என் வீட்டிலிருந்து கிளம்பியவர்கள்!

கண்ணில் படாமல் நழுவப் பார்த்தேன். முடியுமா?

"ஏனுங்ணா" என்று ராமாத்தா கூப்பிட்டார். "வாங்க. டீ குடிங்க. நீங்க குடுத்த காசுதானுங்க."

சிரித்தார்கள். நானும் சிரிக்கிற மாதிரி ஏதோ செய்தேன்.

இன்னும் ஏன் ஊருக்குப் போகவில்லை என்று கேட்டேன். அன்னூருக்கு அந்தப் பக்கம் அவர்களுடைய ஊர். காந்திபுரம் போய் பஸ் மாற வேண்டும். காலையில் கிடைத்த பஸ்களில் எல்லாம் ஆபீஸ் கூட்டம். பதினான்கு பேரும் மண்வெட்டியும் சட்டியுமாக ஏற முடியாது, கண்டக்டர் விசில் ஊதிவிட்டுப் போய்விடுகிறார். கூட்டம் வடியட்டும் என்று உட்கார்ந்திருக்கிறார்கள்.

வேறு வேலைக்காவது போயிருக்கலாமே என்றேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ராமாத்தா பொறுமையாக விளக்கினார். கூலி ஆட்களைப் பிடிக்கிற முக்குகளில் ஆறரை மணிக்கே எல்லாம் முடிந்துவிடும். அதோடு, என்னிடம் வெற்றிலை பாக்கோடு நூற்றொரு ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். தேதி சொல்லி அப்படி வாங்கிவிட்டால் அந்தத் தேதிக்கு வேறு யார் கூப்பிட்டாலும் போவதில்லை. துடியலூரில் ஒரு மாடி வேலை வந்ததாம். என் வேலை இருக்கிறதென்று வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அங்கே நேற்றே தார்சு போட்டு முடித்துவிட்டார்களாம், வேறு ஆட்களை வைத்து.

கூட இருந்த ஒரு பெண், காலை நாலு மணிக்கு எழுந்து சோறாக்கி வைத்துவிட்டு வந்ததாகச் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை. சோற்றுத் தூக்குப்போசியைக் காட்டி, இதை வீட்டில் உட்கார்ந்து சாப்பிட இவ்வளவு தூரம் பஸ்ஸில் கொண்டுவந்து கொண்டுபோகிறேன் என்றார். மறுபடி சிரித்தார்கள்.

தீபாவளிக்குப் பதிமூன்று நாள் இருந்தது.

நான் என் பக்கத்து நியாயத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். அந்த வாளி கதை. ஒழுகும் தார்சு. வாழ்நாள் சேமிப்பு. ராமாத்தா முழுக்கக் கேட்டார். பிறகு சொன்னார்:

"நெசந்தானுங்க. மழ பேஞ்சா உங்குளுக்கு நட்டம். எங்குளுக்கு மழ பேய வேண்டியதில்லீங்க. பேயும்னு சொன்னாலே நட்டமுங்க."

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"ஒண்ணு கேக்கறனுங்க, கோவிச்சுக்காதீங்க. பலகைக்கும் முட்டுக்கும் வாடகை ஓடுதுங்களா?"

ஓடுகிறது என்றேன். தினசரி வாடகை. சும்மா நிற்கிற நாளுக்கும் உண்டு. சென்ட்ரிங் கடைக்காரர் அச்சடித்த பில்லிலேயே அப்படித்தான் போட்டிருக்கிறது. அதை நான் ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை.

"சும்மா நிக்கற பலகைக்கு ஓடுதுங்க" என்றார். அவ்வளவுதான். டீ கிளாஸை வாயருகே கொண்டுபோனார்.

வாசகர்களே, நான் எத்தனையோ விஷயத்துக்குப் பயந்திருக்கிறேன். ஆனால் என் பயத்துக்கு வேறொருவர் கூலி கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்று அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை. பயந்தவன் பாவம், யாருக்கும் கெடுதல் செய்யாதவன் என்பதுதானே நம் எண்ணம்? ஜாக்கிரதையான ஆள் என்று பேர்கூட வாங்கிவிடுகிறோம். அந்த ஜாக்கிரதைக்கு ஒரு விலை இருக்கிறது. அது நம் பையிலிருந்து போகாதவரைக்கும் நமக்கு அது தெரிவதில்லை.

அங்கேயே பேசி முடித்தோம். நின்றுபோன மூன்று நாளுக்கும் அரைக் கூலி. இதற்கு முன்னால் இப்படி ஒரு கூலி உண்டா என்று கேட்டேன்.

"இல்லீங்க. இன்னிக்கி மொதலு வெச்சுக்கறோம்" என்றார்.

ஒரு நாளைக்கு அரைக் கூலி பதினான்கு பேருக்கும் சேர்த்து நானூற்று இருபத்தைந்து. மூன்று நாளுக்கு ஆயிரத்து இருநூற்று எழுபத்தைந்து. கான்கிரீட் போடுகிற அன்று அறுநூறு, மீதி தீபாவளிக்கு முன்னால். நாளை கழித்து மறுநாள் வேலை. இந்த முறை கண்டிப்பாக என்றேன்.

ராமாத்தா தலையை ஆட்டினார். நம்பினாரா? அதுதான் அடுத்தது.

குறித்த நாள் காலை ஆறேகாலுக்கு நானும் சுலோச்சனாவும் போய் இறங்கினோம். ஆட்கள் வர இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது, அதற்குள் ரேடியோவைத் திருகி ஸ்டேஷனைப் பிடித்து வைக்கலாம் என்று என் திட்டம். பார்த்தால் கலவை மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது! சாரத்தில் ஆட்கள் வரிசையாக ஏறி நிற்கிறார்கள். முதல் நாளே வந்து பாயின் ஷெட்டில் தங்கிவிட்டார்களாம். கற்பூரம் எரிந்துகொண்டிருக்கிறது. குங்குமம் வைத்த சட்டி தயாராக நிற்கிறது. அதை ராமாத்தா கையில் ஏந்தியிருக்கிறார்.

"மணி இன்னும் ஆறரைகூட ஆகலையே" என்றேன்.

"அதுக்குத்தானுங்க" என்றார் பாய், தணிந்த குரலில்.

ரேடியோ வானிலை சொல்ல இன்னும் அரை மணி நேரத்துக்கு மேல் இருந்தது. எனக்குக் கை நீளவில்லை. மேற்கே பார்த்தேன். மலைக்குப் பின்னால் ஒரே ஒரு வெள்ளைத் துண்டு மேகம். அது மேகமா, புகையா? பெரிதாகுமா? கொஞ்சம் பொறுத்து...

சுலோச்சனா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். ராமாத்தா கையிலிருந்த சட்டியை வாங்கிக்கொண்டு ஏணியில் ஏறினாள். கிழக்கு மூலைக்குப் போனாள். கொட்டினாள்.

பொத்தென்று ஒரு சத்தம். பதினான்கு பேருக்கும் அன்றைய கூலி விழுந்துவிட்டது.

"அம்மணி, போதும், எறங்கீருங்க. இனி நாங்க பாத்துக்கறோம்" என்றார் ராமாத்தா. அதற்குள் இரண்டாவது சட்டி கைமாறி மேலே போய்விட்டது. மூன்றாவது, நாலாவது... கீழிருந்து மேலே ஒரு கை விட்டு இன்னொரு கை, ஒன்றுகூட நடுவில் நிற்காமல்.

ஆறு ஐம்பத்தைந்துக்கு ரேடியோ சொன்னது. ஓரிரு இடங்களில்.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மெஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவே இல்லை என்பதுதான் உண்மை. நான் ஒருவன்தான் காதில் வைத்துக் கேட்டேன். நாள் பூராவும் மேற்கு பார்த்தே நின்றேன். மூன்று மணிக்கு மலைமேல் கறுத்துக்கொண்டு வந்தது. வாடகைக்கு வாங்கி வைத்திருந்த தார்ப்பாய்களை நான் பிரிக்க, இஸ்மாயில் பாய் மடிக்க, நான் பிரிக்க... ஐந்து மணிக்கு வேலை முடிந்தது. எல்லோரும் கறிச்சோறு சாப்பிட்டார்கள். அன்றைய கூலியோடு, சொன்னபடி அறுநூறையும் எண்ணிக் கொடுத்தேன். ஒரு சொட்டு விழவில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் நானும் நிம்மதியாக இருப்பேன்.

கான்கிரீட் போட்ட மறுநாள், மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். மூன்று வாரம் காயக் கூடாது, காய்ந்தால் வெடிப்பு விடும் என்று பாய் சொல்லிவிட்டுப் போனார். எங்கள் பக்கம் குழாயில் தண்ணீர் ஐந்து நாளுக்கு ஒருமுறை. கிணறு இல்லை. லாரித் தண்ணீர்தான். இரண்டு நாளுக்கு ஒரு லோடு.

இப்போது காலை ஆறு ஐம்பத்தைந்துக்கு ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்து நான் என்ன வேண்டிக்கொண்டேன் தெரியுமா? ஓரிரு இடத்தில் ஒன்று என் வீடாக இருக்க வேண்டும் என்று.

அதே குரல். அதே வரி. கேட்கிற காது மட்டும் தலைகீழ்.

ஒருநாள், ஓரிரு என்பது போய் 'பல இடங்களில் மழை' என்றே வந்துவிட்டது. குதூகலமாகிவிட்டேன். லாரிக்காரருக்குப் போன் செய்து இன்று வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பதினொரு மணி வரை காத்திருந்தேன். பன்னிரண்டு. ஒரு மணி. அன்று அடித்த மாதிரி வெயில் அந்த மாதம் முழுக்க அடிக்கவில்லை. பாத்தியில் தண்ணீர் சுண்டி, தார்சு வெளிறிப்போய்க் கிடந்தது. பக்கத்து வீட்டில் கெஞ்சி, குடம் குடமாக நானும் சுலோச்சனாவும் ஏணியில் ஏறி ஊற்றினோம். மறுபடி போன் செய்தபோது லாரிக்காரர் அந்த லோடை வேறு இடத்துக்கு விட்டுவிட்டார். அவசரத்துக்கு வேறொரு லாரி, கூடுதல் விலைக்கு.

ஏணியில் பாதியில், கையில் குடத்தோடு நிற்கும்போது புளியமர நிழல் ஞாபகம் வந்தது. சொன்ன மழைக்குக் காத்திருந்து, அது வராமல், கையில் இருந்ததும் போவது என்றால் என்னவென்று எனக்கு ஒரு நாள் தெரிந்தது. அவர்களுக்கு மூன்று நாள்.

தீபாவளிக்கு முந்தின நாள் ராமாத்தா வந்தார். தார்சு மேல் ஏறி, காலால் தண்ணீரை அளைந்து பார்த்துவிட்டு, நல்லா இறுகியிருக்குதுங்க என்றார். வெடிப்பு ஒன்றும் இல்லை. அதற்குள் அவர் இரண்டு வீட்டில் தார்சு போட்டுவிட்டாராம். இப்போதெல்லாம் வெற்றிலை பாக்கு வாங்கும்போதே சொல்லிவிடுகிறாராம்—முதல் சட்டி விழுந்தா முழுக் கூலி, ரேடியோ கேட்டு நிறுத்துனா அரைக் கூலி. ஒருவர் முறைத்தாராம். இன்னொருவர் சரி என்றாராம். ஆட்களுக்குள் அதற்குப் பெயரே வைத்துவிட்டார்களாம். ரேடியோ கூலி. இருபத்தைந்து வருஷம் எழுத்தோடு புழங்கி நான் ஊருக்குக் கொடுத்தது இந்த ஒரு வார்த்தைதான் போலிருக்கிறது.

பிறகு திண்டாட்டம். லாரித் தண்ணீரும், பலகை வாடகையும் போக என்னிடம் ஒன்றும் இல்லை. பலகைக்காரர் பில்லோடு வந்தார், கொடுத்தேன். லாரிக்காரர் ரசீதோடு வந்தார், கொடுத்தேன். கடைசியில் வந்தவர், கையில் சீட்டு இல்லாமல் வந்தவர் ராமாத்தா. அவருக்கு இல்லை. பாருங்கள், மறுபடியும் அதே தப்பு.

பொங்கலுக்குள் தந்துவிடுகிறேன், கொஞ்சம் பொறுங்கள் என்று இழுத்தேன்.

கோபப்படவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று கேட்டார்.

"மீதி என்னிக்குன்னு நெசமாச் சொல்லுங்ணா. இல்ல, ரேடியோவுல கேட்டுப்போட்டுச் சொல்றீங்களா?"

அந்தப் பதினான்கு வீட்டுத் தீபாவளியில் என் பங்கு குறைந்துதான் போனது. அதை இனி ஒன்றும் செய்ய முடியாது. இதை எழுதுவதற்கு எனக்குக் கிடைக்கும் இருநூறு ரூபாயைப் பத்திரிகை ஆபீசிலிருந்து வாங்கி நேராக ராமாத்தாவிடம் கொடுக்கும்படி பாயிடம் சொல்லிவிட்டேன்.

அது போக நான் இன்னும் தர வேண்டியது, நானூற்று எழுபத்தைந்து ரூபாய்.